கொழுந்தும் குருதியும்: ஒட்சியேற்ற எதிரிகளை அளக்கும் உயிருணரிகள்

இரும்பு துருவேறுதலும், அரிந்து வைத்த வாழைக்காய் கறுத்தலும், நாட்பட்ட நெய் காறுதலும், கசங்கிய தேயிலைக் கொழுந்து செப்பு நிறம் பெறுதலும் நோக்குவார்க்கு வெவ்வேறு நிகழ்ச்சிகளாகத் தோன்றும். இரசாயனவியலாரோ இவையனைத்தையும் ஒட்சியேற்றம் என்னும் ஒரே பெயரால் வழங்குவர். இந்நிகழ்ச்சி மனித உடலினுள்ளும் ஓயாது நடைபெறுகின்றது. அதனை வரம்பு கடவாது காக்கும் பொருள்களே ஒட்சியேற்ற எதிரிகள் எனப்படுவன.

ஊவா மாகாணத்தாருக்கு இப்பொருள்கள் அயலானவை அல்ல. பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சாரல்களிற் கொய்யப்படும் கொழுந்திலே அவை நிறைந்துள்ளன. தேயிலைப் பொதிகளின் மேலும் விளம்பரங்களிலும் அவற்றின் பெயர் இன்று பெரிதும் பேசப்படுகின்றது. ஆயின், இலையில் உள்ளது யாவும் அருந்துவோர் குருதியிற் சேர்கின்றதா? சேர்வதனை அளப்பது எவ்வாறு? அளந்து பெற்ற எண்ணை உடல்நலத்தின் அளவாகக் கொள்ளலாமா? இவ்வினாக்களுக்கு விடை காண உதவும் கருவிகளுள் ஒன்று மின்னிரசாயன உயிருணரி. அதன் இயல்பும் பயனும் எல்லையும் ஈண்டு ஆராயப்படும்.

உடலில் ஒட்சியேற்றம்

ஒரு பொருள் இலத்திரனை இழத்தல் ஒட்சியேற்றம். இலத்திரனை ஏற்றல் தாழ்த்தல். இவையிரண்டும் ஒருங்கே நிகழ்வன. கொடுப்பது ஒன்றிருப்பின் கொள்வது மற்றொன்று இருந்தே தீரும். உடற்கலங்கள் உணவினின்றும் சத்தியைப் பெறுவது இக்கொடுக்கல் வாங்கலினாலேயே ஆகும். சுவாசத்தாற் பெறும் ஒட்சிசனின் பெரும்பகுதி, கலங்களில் உள்ள இழைமணிகளில் நான்கு இலத்திரன்களை ஏற்று நீராக மாறுகின்றது. மிகச் சிறு பகுதியோ இடைவழியில் ஓரிலத்திரனை மாத்திரம் ஏற்றுச் சுப்பரொட்சைட்டு என்னும் மூலிகமாகின்றது. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டும், இரும்பு அயன்களின் முன்னிலையில் ஐதரொட்சில் மூலிகமும் தோன்றுகின்றன. இறுதியிற் கூறப்பட்டது தான் தோன்றிய இடத்திலேயே கொழுப்பு, புரதம், பரம்பரைப் பொருளான டி.என்.ஏ. ஆகியவற்றுள் எதிர்ப்பட்டதைத் தாக்கும் இயல்பினது.

மூப்புக்குக் காரணம் இம்மூலிகங்களே என்னும் கருத்தை 1956இல் டென்காம் ஆர்மன் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். 1969இல் மக்கோட்டு, பிரிடோவிச்சு ஆகிய இருவரும் சுப்பரொட்சைட்டை நீக்குவதற்கெனவே உடலில் ஒரு நொதியம் உண்டு என்பதைக் காட்டினர். அதன் பின்னர் இத்துறை விரைந்து வளரலாயிற்று. எனினும், மூலிகங்கள் முற்றிலும் பகையல்ல. குருதியின் வெண்கலங்கள் நோய்க்கிருமிகளைக் கொல்வதற்கு இவற்றையே படைக்கலமாகக் கொள்கின்றன. ஆதலின் உடலுக்கு வேண்டுவது அவற்றை அடியோடு ஒழித்தல் அன்று, அளவில் நிறுத்துதலே.

அவ்வாறு நிறுத்தும் எதிரிகள் இருவகைப்படும். ஒரு வகை நொதியங்கள். மற்றொரு வகை சிறிய மூலக்கூறுகள். விற்றமின் சீ எனப்படும் அசுக்கோபிக் அமிலம், விற்றமின் ஈ, குளுற்றதயோன், யூரிக் அமிலம் என்பன இரண்டாம் வகையின. அசுக்கோபிக் அமிலத்தை 1928இல் முதன்முதற் பிரித்தெடுத்த சென்ற் கியோர்கி 1937இல் நோபல் பரிசு பெற்றார். மனித உடல் அதனை ஆக்கும் ஆற்றலற்றது. உணவினாலன்றி அதனைப் பெறுதல் இயலாது. யூரிக் அமிலத்தின் நிலை வேறு. பெரும்பாலான முலையூட்டிகள் அதனை ஒரு நொதியத்தால் மேலும் சிதைக்கின்றன. மனிதரிடத்து அந்நொதியம் தொழிற்படாமையின், யூரிக் அமிலம் குருதியில் மிகுதியாகத் தங்குகின்றது. இவற்றோடு உணவில் உள்ள பீனோல் வகைப் பொருள்களும் சேரும். தேயிலையின் கற்றெக்கின்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இளங்கொழுந்தின் உலர்நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு பொலிபீனோல்களே ஆகும்.

மின்வாய் அளக்கும் முறை

ஒட்சியேற்ற எதிரியின் தலையாய இயல்பு இலத்திரனை எளிதிற் கொடுத்தலாகும். கொடுக்கும் இலத்திரனை மூலிகம் ஏற்பதற்குப் பதிலாக ஒரு காபன் துண்டோ பொற்கம்பியோ ஏற்குமாயின், அஃது ஒரு மின்னோட்டமாக வெளிப்படும். மின்னோட்டத்தை அளத்தல் எளிது. மின்னிரசாயன முறையின் அடிப்படை இவ்வளவே.

இதனை ஓர் ஏலத்தை உவமையாகக் கொண்டு விளக்கலாம். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருவது யாவரும் அறிந்தது. கொள்வோன் ஒருவன் விலையை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போகின்றான் எனக் கொள்க. விற்கும் விருப்பம் மிக்கவன் குறைந்த விலையிலேயே சரக்கை விட்டுவிடுவான். விருப்பம் குறைந்தவன் விலை உயருமட்டும் காத்திருப்பான். எந்த விலையில் விற்பனை நிகழ்ந்தது என்பதைக் கொண்டு விற்றவன் இன்னான் என்றும், எத்துணைச் சரக்குக் கைமாறியது என்பதைக் கொண்டு அவனிடம் இருந்த இருப்பு இவ்வளவென்றும் ஊகிக்கலாம். மின்வாயில் ஏற்றப்படும் அழுத்தமே அவ்விலை. பாயும் மின்னோட்டமே கைமாறிய சரக்கு. குறைந்த அழுத்தத்தில் இலத்திரனைக் கொடுக்கும் பொருள் வலிமை மிக்க ஒட்சியேற்ற எதிரியாகும்.

கரைசலிலுள்ள பொருள்களை இவ்வாறு அழுத்தத்தை மாற்றி இனங்காணும் முறையை 1922இல் பிராகு நகரத்து ஹெய்ரோவ்ஸ்கி இரசத்துளி மின்வாயைக் கொண்டு தொடக்கி வைத்தார். 1959இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. தமிழகத்திலும் மின்னிரசாயனத்துக்கெனவே ஒரு நிறுவனம் காரைக்குடியில் எழுந்தமை குறிப்பிடத்தக்கது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்து உதவ, 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 சனவரியில் திறந்து வைக்கப்பெற்றது.

ஆயினும், வெறும் மின்வாய் மட்டும் உடற்றிரவங்களுக்குப் போதாது. அசுக்கோபிக் அமிலமும் யூரிக் அமிலமும் காபன் மின்வாயில் ஏறத்தாழ ஒரே அழுத்த எல்லையில் இலத்திரனைக் கொடுப்பதால், ஒன்றன் குரல் மற்றொன்றன் குரலோடு கலந்துவிடுகின்றது. 1973இல் அடம்சு என்பாரும் அவருடைய மாணாக்கரும் எலியின் மூளையுள் நுண்ணிய காபன் மின்வாயைச் செலுத்தி நரம்புகளின் இரசாயனத்தை அளக்க முயன்றபோது, பெற்ற மின்னோட்டத்திற் பெரும்பங்கு அசுக்கோபிக் அமிலத்துக்கு உரியது என்பது பின்னர்ப் புலனாயிற்று. மேலும், பீனோல்கள் ஒட்சியேறியபின் மின்வாயின் மேற் பிசின்போற் படிந்து அதனை மூடிவிடும். குருதிப் புரதங்களும் அவ்வாறே படியும். பொன்னின் நுண்டுகள்களாலும் கிரபீன் முதலிய காபன் வகைகளாலும் மின்வாயைப் போர்த்து இவ்விடர்களை இக்காலத்தார் ஒருவாறு குறைக்கின்றனர்.

நொதியத்தின் துணை

பலர் கூடிய இடத்தில் ஒருவரை மட்டும் இனங்காண வேண்டுமாயின், அவரை நன்கறிந்த ஒருவரை வாயிலில் நிறுத்துதல் நலம். மின்வாயின் வாயிலில் நிறுத்தத்தக்க அத்தகைய காவலாள் நொதியம். ஒவ்வொரு நொதியமும் தனக்குரிய பொருளையே, அல்லது அதனோடு நெருங்கிய சிலவற்றையே, தீண்டும். நொதியம் போன்ற உயிர்ப்பொருள் ஒன்றை மின்வாயோடு பிணைத்து அமைத்த கருவியே மின்னிரசாயன உயிருணரி எனப்படும்.

இதன் தந்தை எனப் போற்றப்படுபவர் இலீலண்டு கிளாக்கு. கரைந்துள்ள ஒட்சிசனை அளக்கும் மின்வாயை 1956இல் வெளியிட்ட அவர், 1962இல் இலையன்சு என்பாரோடு சேர்ந்து, அம்மின்வாயின்மேற் குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் நொதியத்தைப் பொருத்திக் குளுக்கோசை அளக்கும் வழியைக் காட்டினார். நீரிழிவுடையோர் இன்று வீட்டிலிருந்தே ஒரு துளிக் குருதியைச் சிறு பட்டையில் இட்டுச் சில வினாடிகளிற் சீனியின் அளவை அறிவது அவ்வழியின் வளர்ச்சியே ஆகும்.

ஒட்சியேற்ற எதிரிகளை அளக்க அமைந்த உயிருணரிகளை மூவகையாகப் பகுக்கலாம். முதல் வகையில் நொதியம் எதிரியையே நேரே தாக்குகின்றது. வெள்ளரி, பூசணி ஆகியவற்றின் காய்களிலிருந்து பெறப்படும் அசுக்கோபேற்று ஒட்சிடேசு விற்றமின் சீக்கும், யூரிக்கேசு யூரிக் அமிலத்துக்கும், தைரோசினேசும் இலக்கேசும் பீனோல்களுக்கும் பயன்படுகின்றன. இரண்டாம் வகையில் ஒரு மூலிகம் வேண்டுமென்றே ஆக்கப்படுகின்றது. சந்தீன் ஒட்சிடேசு சுப்பரொட்சைட்டை ஆக்க, அஃது இலத்திரனைச் சைற்றோகுரோம் சீ என்னும் புரதத்துக்குக் கொடுக்க, அப்புரதத்தின் வழியாக மின்வாயில் ஓட்டம் பிறக்கின்றது. எதிரி குறுக்கிட்டு மூலிகத்தை அழிக்குமாயின் ஓட்டம் தாழும். தாழ்வின் அளவே எதிரியின் வலிமை. மூன்றாம் வகையில் டி.என்.ஏ. இழை மின்வாயின்மேற் பதிக்கப்படுகின்றது. ஐதரொட்சில் மூலிகம் தாக்குங்கால் அவ்விழையிலுள்ள குவானீன் என்னும் கூறு சிதைந்து, அதற்குரிய மின்சைகை குறைகின்றது. எதிரி காத்தவழிக் குறைவு சிறிதாகும்.

தேயிலைத் தொழிற்சாலையும் உயிருணரியும்

முதல் வகையின் இரசாயனம் பதுளைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் நாடோறும் பேரளவில் நிகழ்வதொன்றாகும். உயிருள்ள கொழுந்தில் கற்றெக்கின்கள் ஓரறையிலும், பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் வேறோரறையிலும் மென்சவ்வுகளாற் பிரிக்கப்பட்டு அமைந்துள்ளன. வாட்டிய கொழுந்தை உருளைப் பொறியில் இட்டுக் கசக்குங்கால் சவ்வுகள் கிழிய, நொதியமும் கற்றெக்கினும் காற்றின் ஒட்சிசனும் ஒன்று சேர்கின்றன. கற்றெக்கின் இலத்திரன்களை இழந்து குயினோனாகின்றது. குயினோன்கள் தம்முட் பிணைந்து, தேநீருக்கு ஒளியும் சுறுசுறுப்பும் தரும் தேயாபிளேவின்களாகவும், நிறமும் திண்மையும் தரும் தேயாரூபிகின்களாகவும் மாறுகின்றன. இதனை நொதித்தல் என வழங்கினும், கள் புளித்தல் போன்று நுண்ணுயிர்களால் நிகழ்வதன்று இது. இலையின் சொந்த நொதியத்தால் நிகழும் ஒட்சியேற்றமே. உரிய வேளையில் வெப்பமூட்டி நொதியத்தை அழித்து இதனை நிறுத்துவர். யூலை முதல் செத்தெம்பர் வரை வீசும் உலர்ந்த கச்சான் காற்றினால் ஊவாக் கொழுந்துக்குத் தனி நறுமணம் வாய்க்கும் பருவத்தில், இவ்வேளையைத் தவறவிடாமை பெரிதும் வேண்டப்படும். பன்னெடுங்காலமாக அதனைத் துணிந்தவை அனுபவம் வாய்ந்தோரின் கண்ணும் மூக்குமே.

உயிருணரியில் நிகழ்வதும் இஃதே. வேறுபாடு ஒன்றே உண்டு: தோன்றிய குயினோன் தன்னினத்தோடு பிணைவதற்கு முன்னர், மின்வாய் தன் இலத்திரன்களை அதற்குக் கொடுத்துப் பழைய நிலைக்கு மீட்கின்றது. அப்பொழுது பாயும் ஓட்டம் பீனோலின் அளவுக்கு ஒப்ப அமையும். இதற்குத் தூய நொதியமும் இன்றியமையாததன்று. 1985இல் சிட்வெல், இறெக்னிற்சு ஆகிய இருவரும் வாழைப்பழத்தின் சதையையே மின்வாயின்மேற் பூசி, பீனோல் இனத்ததான தோபமீனை அளந்து காட்டினர். அரிந்த வாழைப்பழத்தைக் கறுக்கச் செய்யும் நொதியமே அங்குக் காவலாளாயிற்று. 1925இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் பசறையில் ஒரு பிராந்திய நிலையம் உண்டு. 2005இல் பதுளையில் தோன்றிய ஊவா வெல்லசப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பம் பட்டப் படிப்பாகப் பயிற்றப்படுகின்றது. கொழுந்து, நொதியம், பயின்றோர் ஆகிய மூன்றும் ஓரிடத்தே கூடிய இம்மாகாணம் இவ்வாராய்ச்சிக்கு இயல்பாகவே உரிய களமாகும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

இலையில் அளத்தல் ஒன்று. குருதியில் அளத்தல் மற்றொன்று. தேநீரின் கற்றெக்கின்களிற் சிறு பகுதியே குடலால் உறிஞ்சப்படுகின்றது. அப்பகுதியும் குடற்சுவரிலும் ஈரலிலும் வேற்றுருப் பெற்றுச் சில மணி நேரத்திற் சிறுநீரோடு நீங்குகின்றது. வழக்கமான அளவில் தேநீர் அருந்தியோர் குருதித் திரவவிழையத்தில் அதன் செறிவு இலீற்றருக்கு 1 மைக்குரோமோலைத் தாண்டுதல் அரிது. அதே குருதியில் நல்லுணவு உண்பார்க்கு விற்றமின் சீ ஏறத்தாழ 50 மைக்குரோமோலும், யூரிக் அமிலம் 200 முதல் 400 மைக்குரோமோல் வரையும் உண்டு. எனவே, குருதியின் மொத்த ஒட்சியேற்ற எதிர்ப்பாற்றல் என்று ஓர் எண்ணை மட்டும் தரும் கருவி, பெரும்பாலும் யூரிக் அமிலத்தையே அளக்கின்றது.

இதனால் விளையும் மயக்கத்துக்கு ஒரு சான்று போதும். அப்பிள் உண்டபின் குருதியின் மொத்த எதிர்ப்பாற்றல் உயர்வதைக் கண்டோர் அப்பழத்தின் பீனோல்களே காரணம் எனக் கருதினர். 2004இல் இலொற்றிற்றோ, பிறை ஆகியோர் ஆய்ந்தபோது, பழத்திலுள்ள புறற்றோசு என்னும் வெல்லம் யூரிக் அமிலத்தைப் பெருக்கியதே அவ்வுயர்வுக்குக் காரணமாதல் தெளிவாயிற்று. யூரிக் அமிலம் மிகுதல் முடக்குவாத வகையொன்றுக்கு வித்து. சிறுநீரகம் தளர்ந்தாரிடத்தும் அது மிகும். ஆகவே, எண் உயர்ந்த அளவுக்கு நலமும் உயர்ந்தது எனத் துணிதல் தவறாகும்.

சோதனைக் குழாயிற் பெற்ற எண்களைக் கொண்டு உணவுகளை வரிசைப்படுத்தி வெளியிட்டிருந்த அமெரிக்க விவசாயத் திணைக்களம், அவ்வெண்கள் விளம்பரங்களிற் பிழையாகக் கையாளப்படுவதைக் கண்டு 2012இல் அவ்வட்டவணையை நீக்கிவிட்டது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்போரைக் கொண்டு நடாத்திய பேராய்வின் முடிவு 1994இல் வெளியாயிற்று. ஒட்சியேற்ற எதிரியான பீற்றாக் கரோட்டினை மாத்திரையாகப் பெற்றோரிடத்துச் சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டளவில் மிகுந்தே காணப்பட்டது. மருந்தென எண்ணியதும் அளவும் இடமும் அறியாது வழங்கப்படின் தீங்காய் முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மொத்தத்தை அளக்கும் கருவியினும், ஒன்றைப் பிரித்தறியும் உயிருணரி சிறப்புடையதாவது இக்காரணத்தாலேயே. எந்த எதிரி, உடலின் எவ்விடத்தில், எவ்வேளையில், எவ்வளவு என்னும் நான்கையும் கேட்பதற்கு அஃதொன்றே இடந்தருகின்றது.

ஊவாத் தோட்டங்களுக்கு வேண்டிய அளவை

இவ்வாராய்ச்சி தேயிலையின் விலையை உயர்த்தும் அளவில் நின்றுவிடின், அதன் பயன் கொழுந்து கொய்வாரைச் சென்றடையாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றிய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடளாவ நூற்றுக்குப் 17 என்னும் அளவினர். தோட்டத்துறையிலோ நூற்றுக்கு 32 என்னும் அளவினர். இதற்குக் காரணங்கள் பல. தாயரின் உணவுக் குறைவும் குருதிச்சோகையும் அவற்றுட் சில. குருதிச்சோகைக்குத் தேநீரும் ஒரு துணைக் காரணமாதல் கூடும். 1975இல் தென்னாபிரிக்காவில் வாழும் இந்திய வமிசத்துப் பெண்களிடையே நிகழ்ந்த ஆய்வொன்று, உணவோடு தேநீர் அருந்தியவழிச் சோறு முதலிய தாவர உணவுகளின் இரும்பு உடலிற் சேர்வது வெகுவாகக் குறைந்ததைக் காட்டிற்று. தேநீரின் பொலிபீனோல்கள் இரும்பைப் பற்றிப் பிணைத்துக்கொள்வதே அதற்குக் காரணம். இறைச்சியும் மீனும் அரிதாகிச் சோறும் உரொட்டியுமே பேருணவாக உள்ள வீடுகளில் இஃது ஒரு பொருட்படுத்தத்தக்க இழப்பாகும்.

இதற்கு எதிரிடையாகத் தொழிற்படுவது விற்றமின் சீ. அது தன் இலத்திரனை இரும்புக்குக் கொடுத்து, குடல் ஏற்கத்தக்க நிலைக்கு அதனைத் தாழ்த்துகின்றது. மூலிகத்துக்கு இலத்திரன் ஈந்து உடலைக் காக்கும் அதே குணம் ஈண்டு இரும்புக்கும் உதவுகின்றது. நெல்லிக்காய், கொய்யா, தேசிக்காய் ஆகியவற்றை உணவோடு சேர்த்தலும், தேநீரை உணவோடு அருந்தாது ஒரு மணி நேரம் கழித்து அருந்துதலும் பெருஞ்செலவின்றிக் கைக்கொள்ளத்தக்கன. தேநீரை விலக்க வேண்டுவதில்லை. அதன் வேளையை மாற்றினாற் போதும்.

உயிருணரி தோட்டங்களுக்கு உதவக்கூடிய இடமும் இதுவேயாம். எடுத்த குருதியில் விற்றமின் சீ நெடுநேரம் நிலையாது. உடனே அமிலமூட்டி உறையச் செய்யாவிடின் தானே ஒட்சியேறி அழிந்துவிடும். நமுனுகுலையிலோ இலுணுகலையிலோ எடுத்த குருதி மலைப்பாதை வழியாகப் பதுளை வைத்தியசாலையை அடையுமுன் அதன் உண்மை அளவு மறைந்துபோம். தோட்டத்து மருந்தகத்திலேயே, குளுக்கோசுப் பட்டை போன்ற மலிவான பட்டை ஒன்றில், ஒரு துளிக் குருதியை இட்டு உடனே அளக்கக் கூடுமாயின், கருவுற்ற தாயர்க்கும் வளரும் பிள்ளைகட்கும் எக்குறை உண்டு என்பது காலந்தாழாது புலனாகும். அதனோடு ஈமோகுளோபினின் அளவையும் இரும்புச் சேமிப்பின் அளவையும் ஒருங்கே நோக்கினால், குறை உணவாலா, குடற்புழுவாலா, வேறு நோயாலா என்று வைத்தியர் ஆராய்ந்து துணிதற்கு வழி பிறக்கும்.

இத்தகைய பட்டையை ஆக்குவதற்கு வேண்டிய அறிவு யாவும் இன்று உண்டு. அதனைக் குருதியின் கலப்புக்கிடையிலும் பிழையாது இயங்கச் செய்தலும், மலைநாட்டு ஈரத்தில் நொதியம் கெடாது காத்தலும், எளியோர்க்கும் எட்டும் விலையில் வழங்குதலுமே எஞ்சிய பணிகள். மின்னிரசாயனமும் உயிர் இரசாயனமும் பயிலும் மாணவர், கொழுந்தின் பெருமையை அளப்பதோடு அமையாது, அக்கொழுந்தைக் கொய்யும் கைகளில் ஓடும் குருதியின் குறையையும் அளந்து தீர்க்க முற்படுவாராயின், அவர் கற்ற கல்வி அவர் பிறந்த மண்ணுக்குப் பயன்பட்டதாகும்.